ஏணி மேல் நின்றவன்

மூன்றாவது தடவை சிறையிலிருந்து வந்த பிறகு பூனைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கணும், எழுந்தால் உட்காரணும் போலிருந்தது. சத்தமில்லாமல் வீடு புகுந்து திருடுவான் என்று கூட்டாளிகள் வைத்த பெயர் அது. முதல் இரண்டு தடவையும் வெளியே வந்த மூன்றே மாதத்தில் திரும்ப உள்ளே போனவன். இந்தத் தடவை கையில் தொழில் இருந்தது. சிறைக்குள்ளேயே இரண்டு வருடம் ஏசி மெக்கானிக் பயிற்சி படித்துத் தேறியிருந்தான். எல்லாம் தெரிந்தே ஒரு பட்டறை முதலாளி வேலை கொடுத்தார்.

வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாள் ஒரு மாடி வீட்டுக்கு அனுப்பினார். கதவைத் திறந்த டீச்சரம்மா படுக்கையறை ஏசியைக் காட்டிவிட்டு, "மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன், தம்பி. நீங்க பாருங்க" என்று கிளம்பிப் போனார்.

ஏணியில் ஏறியவன் கண்ணில் பீரோ பட்டது. கதவிலேயே சாவி. நாற்பது விநாடி போதும் என்று மனசு தானாகவே சொன்னது. இதற்கு மட்டும் சிறையில் பாடம் நடத்தவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டான்.

"என்னடா, வேலை நேரத்துல?"

"சும்மாதான். வச்சிடாதே. ஏதாவது பேசிக்கிட்டே இரு."

அந்தக் குரலே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "எங்க நிக்கறே?" என்றாள்.

"ஏணி மேல."

"இறங்காதே. கையில என்ன?"

"ஃபில்டர்."

"அது எதுக்கு? மொதல்லேர்ந்து சொல்லு. நான் மக்கு, மெதுவா சொல்லு."

சொன்னான். தூசி அடைத்தால் குளிர் ஏன் குறைகிறது, தண்ணீர் ஏன் சொட்டுகிறது, எல்லாம். அக்கா 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். மூடியை மாட்டி முடிக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டீச்சரம்மா திரும்பி வந்தார். "ஜில்லுனு இருக்கே! எங்க படிச்சீங்க, தம்பி?"

பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "ஜெயில்லம்மா" என்றான்.

அவர் முகம் சுருங்கியது. நேரே போய்ப் பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். 'ஓடு, ஓடு' என்றது கால். தன் கருவிப் பையைத் திறந்து வைத்தபடி அவன் அங்கேயே நின்றான்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அவர், அவனைப் பார்க்காமல்.

"பார்த்துக்கறதுதான் நல்லதும்மா."

வேலைச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து முதலாளியைக் கூப்பிட்டான்.

"முடிஞ்சுதுங்க. அடுத்தது எங்க?"

"மொதல்ல போய்ச் சாப்பிடுய்யா."

"அப்புறம் சாப்பிட்டுக்கறேன். இப்பவே சொல்லுங்க."