பட்டன் தைத்த காது

பதினாறு வருடமாகக் காதுப் பிரிவில் நர்ஸ் வேலை. காதுக்குள் போன எறும்பு, கொண்டை ஊசியால் குடைந்த புண், கல்லாய் இறுகிப்போன அழுக்கு, எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். குச்சி விட்டுக் குடைந்தேன் என்று யாராவது சொன்னால், மருந்துக்கு முன்னால் என்னிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். அதற்காக நான் வருத்தப்பட்டதே கிடையாது, அந்த டெய்லர் விஷயத்தைத் தவிர.

ஒரு திங்கட்கிழமை காலை அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருடைய வலது காது மடலின் மேல்பாதி கருநீலமாக வீங்கி, மடிப்பே தெரியாமல் உப்பியிருந்தது. தொட்டால் தண்ணீர் நிரப்பிய பைபோல மெத்தென்று இருந்தது.

“எப்படி ஆச்சு?”

“கதவு இடிச்சிருச்சு சிஸ்டர்.”

கதவு இடித்தால் நெற்றியில் இடிக்கும், மூக்கில் இடிக்கும். காதை மட்டும் தேடிப்போய் இடிக்கிற கதவை நான் பார்த்ததில்லை. அந்தம்மாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டில் “கதவு” என்று எழுதிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

காது மடலுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. அடிபட்டு நடுவில் ரத்தம் தேங்கினால் எலும்பு பட்டினி கிடந்து சுருங்கி, மடல் கசக்கிப்போட்ட துணிபோல ஆகிவிடும். டாக்டரம்மா இதை இரண்டே வரியில் சொன்னார். டெய்லர் தலையாட்டினார். அந்தம்மாள்தான் விடவில்லை.

“பழையபடி ஆயிருமா டாக்டர்?”

“ரத்தத்தை எடுத்துட்டு ஒரு வாரம் அமுக்கி வைக்கணும். சரியா ஒட்டிக்கிச்சுன்னா ஆயிரும்.”

“ஒட்டலைன்னா?”

“அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கடைசி வரைக்கும் அப்படியேதான் இருக்கும்.”

அந்தம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

அமுக்கி வைக்க எங்கள் டாக்டரம்மா சட்டைப் பட்டன்தான் வைப்பார். மடலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே காதைத் துளைத்துப் போகும் நூல். சுத்தம் செய்த நாலு வெள்ளைப் பட்டன்களைத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். டெய்லர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

“நாலு ஓட்டைப் பட்டனா? அப்ப நூலைக் குறுக்கப் போடுங்க டாக்டர்.”

“ஐயா, காது மரத்துப்போச்சு. வாயும் கொஞ்ச நேரம் மரத்துப்போகட்டும்” என்றார் டாக்டரம்மா.

எல்லாம் முடிந்ததும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். “இவ்வளவு இழுத்துத் தைக்கக் கூடாதே. பட்டனுக்கு அடியில மூச்சு விட இடமே இல்லையே” என்றார். வெளியே பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுமை இல்லை. “நனைக்காதீங்க, இடது பக்கமாவே படுங்க, தொடாதீங்க, புதன்கிழமை வாங்க” என்று ஒரே மூச்சில் ஒப்பித்து, மேலே கட்டுப் போட்டு அனுப்பினேன். அந்த இறுக்கம்தான் வைத்தியம் என்பதைச் சொல்லாமல் விட்டேன். அது என் தப்பு.

புதன்கிழமை கட்டைப் பிரித்தால் மடல் மறுபடி உப்பியிருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது முடிச்சுகள்தான். பட்டனுக்கு அடியில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து கட்டி, முனை வெளியே தெரியாமல் முடித்திருந்தது. எங்கள் டாக்டரம்மாவுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவ்வளவு அழகாக முடிச்சுப் போட வராது.

“யார் இதைப் பிரிச்சது?”

“நான்தான் சிஸ்டர். கண்ணாடியைப் பாத்து…” என்றார் டெய்லர்.

“காதுக்குப் பின்னால இருக்கிற பட்டனை எந்தக் கண்ணாடியில பாத்தீங்க? உங்களுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்? வீட்டுலயே தைச்சுக்க வேண்டியதுதானே! இந்தக் காது இனிமே சுருங்கிப்போனா எங்ககிட்ட வந்து நிக்கக் கூடாது!”

பக்கத்து அறைவரைக்கும் கேட்டிருக்கும். அப்போதுதான் அந்தம்மாள் வாய் திறந்தாள்.

“அவரைத் திட்டாதீங்க. பிரிச்சது நான். கதவும் இடிக்கலை. அன்னைக்கு மர ஸ்கேலை வீசினதும் நான்தான்.”

“ஏய், சும்மா இரு” என்றார் அவர்.

“இருக்க மாட்டேன்.” அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். “கடையில காஜா எடுக்கிறது, பட்டன் தைக்கிறது எல்லாம் என் வேலை சிஸ்டர். பத்தொன்பது வருஷமா நான் தைக்கிற பட்டனை இவர் பிரிச்சுப் பிரிச்சுத் தைப்பாரு. அன்னைக்கு வாடிக்கையாளர் முன்னாடியே பிரிச்சாரு. ஆத்திரத்துல கையில இருந்ததை வீசிட்டேன். இவர் மேல படணும்னு வீசலை. பட்டிருச்சு.”

“சரி, அப்புறம் ஏன் இதைப் பிரிச்சீங்க?”

“நேத்து இவருதான் கூப்பிட்டாரு. டாக்டர் தையல் சரியில்லை, வலி உயிர் போகுது, நீ பிரிச்சுத் தளர்த்தித் தை, உன் கைதான் இதுக்குச் சரின்னாரு.” அவள் குரல் உடைந்தது. “ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை சிஸ்டர். அந்த ஒரு வார்த்தைக்காகத் தைச்சேன். ஊசியைக் கொதிக்க வெச்சுத்தான் தைச்சேன். அவ்வளவு சந்தோஷமாத் தைச்சேன்.”

டெய்லர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஏங்கிக் கிடந்தது அவருக்கே புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது.

டாக்டரம்மா மறுபடி கீறி, உறைந்த ரத்தக் கட்டியைக் கழுவி எடுத்து, புதுப் பட்டன் வைத்தார். “இதுதான் கடைசித் தடவை. இதுக்கப்புறம் கீறினாலும் பிரயோஜனம் இல்லை” என்றார். இந்தத் தடவை நான் இருவரையும் உட்கார வைத்து, ஏன் இறுக்கம் என்று நிதானமாகச் சொன்னேன். பட்டனைச் சுற்றித் தோல் கறுத்தால், காய்ச்சல் வந்தால், வலி தெறித்தால் உடனே வரச் சொன்னேன். அவர்கள் தினமும் காலையில் கடை திறக்கும் முன் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு பேருக்குள் பேச்சு அதிகமில்லை. அவள் மட்டும் வாசலிலேயே “இன்னைக்கு எப்படி இருக்கு சிஸ்டர்?” என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஏழாம் நாள் நூலை வெட்டிப் பட்டன்களை எடுத்தேன். வீக்கம் போயிருந்தது. மடிப்புகள் திரும்ப வந்திருந்தன. ஆனால் மேல் ஓரத்தில் ஒரு இடம் கெட்டிப்பட்டுச் சுருங்கியிருந்தது. அது இனி மாறாது. கண்ணாடியை நீட்டினேன். டெய்லர் வாங்கவில்லை.

“அவளே பாத்துச் சொல்லட்டும்” என்றார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துணியின் ஓரத்தைச் சரிபார்ப்பதுபோல மடலை மெதுவாக நீவினாள். அந்த இடத்தில் விரல் நின்றது.

“இங்க சுருங்கிப்போச்சுங்க.” பொய் சொல்ல அவளால் முடியவில்லை. “என்னாலதான்.”

“உன் கை பட்டதுதானே. இருந்துட்டுப் போகட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. அழுதுகொண்டே அந்த இடத்தை விரலால் திரும்பத் திரும்ப நிமிர்த்திப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே கூட்டம் சத்தம் போட்டது. அடுத்த ஆளை நான் கூப்பிடவில்லை.