பனிக்கோட்டைக் காவலனுக்கு என்ன தெரியும்

முகப்பேர் மேற்கில் உள்ள மரகதம் அடுக்ககத்தில், 2024 ஏப்ரல் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பகல்நேர வாட்ச்மேனாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒரு சித்திரம். உயரம் ஏழடி. இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை, கையில் ஈட்டி, இடுப்பில் சாவிக்கொத்து. முன்னால் நின்று பார்த்தால் முழு ஆள், பக்கவாட்டில் ஒரு கோடு. பின்னாலிருந்து பார்த்தால் ஒன்றுமே கிடையாது, ஏனென்றால் அவருடைய முதுகை யாரும் வரைந்ததில்லை. பழைய வாட்ச்மேன் பாண்டியன் மகள் கல்யாணம் என்று ஊருக்குப் போய் மூன்று வாரமாகியும் திரும்பாததால், குடியிருப்போர் சங்கச் செயலாளர் பக்தவத்சலம் அதிகம் விசாரிக்கவில்லை. ஆதார் அட்டை கேட்டார். வந்தவர் புன்னகைத்தார். 'பிறகு தருவார்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, நீலச் சட்டை எந்த அளவிலும் பொருந்தாதென்பதால் விசிலை மட்டும் கொடுத்து, கேட்டோரம் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, எல்லோரிடமும் சொல்கிற பழக்கத்தில் "உட்காருங்க" என்றார். காவலன் சாலையைப் பார்த்து உட்கார்ந்தார். நிற்கிற மாதிரி மட்டுமே வரையப்பட்டவர் என்பதால் இடுப்பிலும் முழங்காலிலும் சினிமா போஸ்டர்போல மடிந்துதான் உட்கார முடிந்தது.

அந்தக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் குறைந்துகொண்டிருந்தது. காவலனின் தோள்மீது மட்டும் எந்நேரமும் சன்னமாகப் பனி பெய்தது. முதல் இரண்டு நாள் ஜனங்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் நாள் ஏ பிளாக் வர்ஷா தன் இட்லி மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வரை மாவு புளிக்கவில்லை. வாரக் கடைசியில் பதினான்கு பாத்திரங்கள் அங்கே இருந்தன. மூடி மாறிப்போய் இரண்டு சண்டைகள் நடந்ததால், பாத்திரங்களில் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று சங்கம் சுற்றறிக்கை விட்டது.

அவர் எங்கிருந்து வந்தார் என்பது அந்த அடுக்ககத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். பி பிளாக் மூன்றாம் மாடி சுதா, சொந்த ஊர் சாத்தூர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. ஆறு வருஷமாக, 'வெண்கொக்கு' என்ற பெயரில், முடிந்த செவ்வாய்க்கிழமைகளில் இணையத்தில் 'பனிக்கோட்டை' என்ற சித்திரக்கதையை வரைந்து வந்தவள் அவள்தான். பனியை அவள் நேரில் கண்டதில்லை. தன் வீட்டு ஃப்ரீசரைத் திறந்துவைத்துப் பார்த்து வரைந்தாள். அதனால் கோட்டையின் கொத்தளங்களுக்கு ஐஸ் டிரேயின் சாயல் உண்டு. பழிசுமத்தித் துரத்தப்பட்ட ராணி ஒருத்தி, காடு மலையெல்லாம் அலைந்து, தன் கோட்டை வாசலுக்குத் திரும்பி வருகிறாள் என்பதுதான் கதை. அந்த வாசலைத் திறக்கக்கூடியவன் காவலன் ஒருவனே. அவனுக்குப் பெயர் கிடையாது. வசனமும் கிடையாது.

நாற்பத்தோராம் அத்தியாயத்தில் விருந்து நடக்கிறது. ராஜா விஷக் கோப்பையைக் குடித்துச் சரிகிறார். சபை அலறுகிறது. பின்னால் வாசலில் காவலன் புன்னகைக்கிறான். இந்தப் புன்னகைக்குக் காரணம் இருந்தது. அன்று சுதாவுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். காவலனின் சட்டையில் மொத்தம் ஆயிரத்து நூற்றுநான்கு வளையங்கள். அதைத் திரும்ப வரைகிற தெம்பில்லாமல், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அறுவடைத் திருவிழாவில் நின்றவனை அப்படியே நகலெடுத்து வாசலில் ஒட்டினாள். வாயை மாற்ற மறந்துவிட்டாள்.

மறுநாள் காலைக்குள் பதினோராயிரம் பேர் அதைப் பார்த்திருந்தார்கள். ஆவடியில் தன் அறையின் மூன்று சுவர்களுக்குக் கறுப்பு வண்ணமடித்து யூடியூப் சேனல் நடத்திவந்த ஜஸ்டின், 'அந்தப் புன்னகை' என்று நான்கு மணிநேரக் காணொளி வெளியிட்டார். காவலனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் முடிவு. சாட்சிக்குச் சட்டை வளையங்களை எண்ணியிருந்தார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஆயிரத்து நூற்றுநான்கு, நாற்பத்தொன்றிலும் ஆயிரத்து நூற்றுநான்கு. எனவே சதி திருவிழாவன்றே தொடங்கிவிட்டது. இதை அம்பத்தூர் ரோஷினி மறுத்தார். கட்டடப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வை நான்கு வருஷமாக முடிக்காமல் வைத்திருந்த ரோஷினி, அதைவிட நீளமாக இதற்கு ஒரு கட்டுரை எழுதினார். காவலனுக்குத் தெரியும், ஆனால் தனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது என்று அது நிறுவியது. ரசிகர் குழு 'அறிந்தோர்' என்றும் 'அறியாதறிந்தோர்' என்றும் இரண்டாகப் பிரிந்தது. கள்ளிக்குப்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம் இதனால் நின்றுபோனது. மாப்பிள்ளை அறிந்தோர், பெண் அறியாதறிந்தோர். இப்படி ஐந்து வருஷம் போயிற்று.

கதை முடிய இரண்டே அத்தியாயங்கள் இருந்தன. ராணி வாசலுக்கு வந்துவிட்டாள். அந்த ஏப்ரல் செவ்வாயன்று சுதா கணினியில் கோப்பைத் திறந்தபோது, வாசலில் காவலன் இருந்த இடத்தில் ஆள் வடிவத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை இருந்தது. வேறு காவலனை வரைந்து பார்த்தாள். பேனாவை எடுத்ததும் கோடு கரைந்தது. பால் வாங்கலாமென்று கீழே இறங்கிப் போனாள், கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் புன்னகை அடுக்ககத்திலும் வேலை செய்ய ஆரம்பித்தது. காவலனிடம் இருந்தது அந்த ஒரு புன்னகைதான். தண்ணி லாரி வந்தாலும் அதே, சவ வண்டி வந்தாலும் அதே. காலை நடைப்பயிற்சி முடித்து வந்த பக்தவத்சலம் அதை ஐந்து நாள் தொடர்ந்து வாங்கிக்கொண்டார். ஆவடி பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, ரகசியம் காப்பதில் நற்சான்றிதழ் வாங்கி ஓய்வு பெற்றவர் அவர். ஆறாம் நாள் பொதுக்குழுவைக் கூட்டி, பொதுத் தொட்டியிலிருந்து தன் மொட்டைமாடி ரோஜாச் செடிகளுக்கு ஒன்பது வருஷமாகத் தனிக் குழாய் போகிறதென்று கண்ணீரோடு அறிவித்தார். அடுத்த வாரம் சி பிளாக் கார்த்திகேசன் தன் பெயர்ப்பலகையிலிருந்து 'டாக்டர்' என்ற எழுத்துகளைத் திருப்புளியால் கழற்றினார். மே மாதத்துக்குள் அபகரிக்கப்பட்ட இரண்டு கார் நிறுத்துமிடங்கள் உரியவர்களுக்குத் திரும்பின. சங்கத்தின் நேர்மையைப் பாராட்டிச் சங்கமே தீர்மானம் போட்டது.

பிறகு எத்திராஜ் பிரியாணி கொண்டுவந்தான். உணவு டெலிவரி செய்கிறவன், அறிந்தோர் பிரிவில் தீவிர உறுப்பினன். கேட்டைப் பார்த்ததும் வண்டிக்கு ஸ்டாண்டு போட மறந்து, வண்டியும் பிரியாணியும் சரிய, "தலீவா! நீயா? இங்க இன்னா பண்ணிகினு கீற?" என்று கத்தினான். காவலன் புன்னகைத்தார். எத்திராஜ் படம் பிடித்தான். அன்று மாலையே இரண்டு பிரிவினரும் தெருவில் ஆளுக்கொரு பக்கம் பந்தல் போட்டார்கள். ஜஸ்டின் மூன்று விளக்குகளோடும் ரோஷினி கட்டுரைப் பிரதிகளோடும் வந்து சேர்ந்தார்கள். கேள்வி ஒன்றுதான், "உங்களுக்கு என்ன தெரியும்?" பதிலும் ஒன்றுதான்.

சுதாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை ரசிகர் குழுவில், நான்தான் வெண்கொக்கு, அந்தப் புன்னகை நகல் எடுத்ததில் நேர்ந்த பிழை, காவலனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான்கு வரி எழுதிப் போட்டாள். இரண்டு பிரிவினரும் ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றுபட்டார்கள். ஆசிரியர் தன் கதையைச் சரியாகப் படிக்கவில்லை என்று ஜஸ்டின் வருத்தத்தோடு விளக்கினார். படைப்பாளிக்குத் தெரியாமல் படைப்புக்குத் தெரிந்திருக்கலாம் என்று ரோஷினி மேற்கோள்களோடு எழுதினார். புரிதல் குறைபாடு காரணமாக வெண்கொக்கு குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். ஒரு மாதத்துக்குள் நூற்றுப் பத்தொன்பதாம் அத்தியாயம் வரவில்லையென்றால் தாங்களே எழுதிக்கொள்வதாகவும் தீர்மானமாயிற்று. மூன்று வரைவுகள் தயாராக இருந்தன. மூன்றிலும் காவலன் மகத்தான உண்மையொன்றைச் சொல்கிறான், மூன்றிலும் ராணி வாசலிலேயே குளிரில் விறைத்துச் சாகிறாள். ஆறு வருஷம் அந்தப் பெண்ணை நடத்திக் கூட்டிவந்தது ஒருநாள் அவள் வீட்டுக்குள் போகட்டும் என்றுதான். சுதா கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளை ஓட்டைக்கு முன்னால் நிற்கிற ராணியைப் பார்த்தபடியே நாட்களைக் கழித்தாள்.

கெடு முடிய மூன்று நாள் இருந்தபோது கதவைத் தட்டியவள் கெங்கம்மாள், அடுக்ககத்தைப் பெருக்கித் துடைப்பவள். கையில் விளக்குமாறு. முகத்தில் கோபம்.

"இன்னாம்மா, நீதான் அந்தாள வரஞ்சவளாமே? கீழ பேசிக்கினாங்க. நீயாச்சும் கேக்கக் கூடாதா? அது என்னோட சேரு."

"எந்தச் சேரு அக்கா?"

"செவப்பு சேரு. நாலு மாடி பெருக்கிட்டு அஞ்சு நிமிசம் நான் குந்தறது அதுலதான். பின்னாலருந்து காலியாதான் கீதுன்னு போய்க் குந்துனா, ஐஸ் பொட்டி மேல குந்துன மாரி கீது."

"எந்திரிக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

"சொல்லாம இருப்பனா? வந்த அன்னிக்குக் குந்துனவன். தொரத்தினாலும் போவல. எப்பிடிக் குந்திகினு கீறான் தெரியுமா? பொறந்ததுலருந்து குந்தாதவன் மாரி."

கெங்கம்மாள் போன பிறகு சுதா முதல் அத்தியாயத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். கோட்டையில் சிம்மாசனம் இருந்தது. மந்திரிகளுக்குப் பலகைகள் இருந்தன. ராணியின் வேட்டைப் பருந்துக்கு ஒரு பட்டுத் திண்டு இருந்தது, அதன் குஞ்சங்களுக்கே அவள் ஒரு ஞாயிறு செலவழித்திருந்தாள். காவலன் தொண்ணூற்றாறு அத்தியாயங்களில் வருகிறான். தொண்ணூற்றாறிலும் நிற்கிறான்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, வெள்ளைச் சார்ட் அட்டையில் சித்திரக்கதையில் வசனம் எழுதுகிற பேச்சுக்குமிழ் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு சுதா கேட்டுக்குப் போனாள். பந்தல்கள் இரண்டும் காலியாகி எல்லோரும் சூழ்ந்தார்கள். மாடிகளிலிருந்தவர்களும் இறங்கி வந்து சாலைப்பக்கம் நின்றார்கள். குமிழின் வால் அவர் வாயைத் தொடும்படி பிடித்து, இத்தனை நாளும் கேட்கப் பயந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள், "சொல்லுங்கண்ணே."

அட்டையில், அவள் வழக்கமாக வசனம் எழுதும் எழுத்துருவில், எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'கால் வலிக்குது.'

ஜஸ்டினின் விளக்குகளில் ஒன்று அணைந்தது. அடுத்த வரி வந்தது: 'இங்கே சேர் கொடுத்தாங்க.'

பக்தவத்சலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப, அந்தக் குழாய் விஷயம்?"

'எந்தக் குழாய்?' என்றது குமிழ்.

"நாலு மணிநேர வீடியோ போட்டியே மச்சான்," என்றான் எத்திராஜ், ஜஸ்டினின் தோளில் கைபோட்டு, "வளையத்த எண்ணுன. ஒரு தபா காலப் பாத்தியா?" ஜஸ்டின் அதைக் கேட்கவில்லை. 'யாருடைய கால் என்று காவலன் சொல்லவில்லை, கவனித்தீர்களா' என்று தன் கேமராவிடம் பேச ஆரம்பித்திருந்தார். இது தன் கட்டுரையின் ஏழாம் பகுதியில் ஏற்கெனவே இருப்பதாக ரோஷினி சொன்னார்.

சுதா குமிழை மடித்துக்கொண்டு கெங்கம்மாளிடம் நாற்காலியைக் கேட்டாள். "எடுத்துக்கோ. ஆனா புச்சு வாங்கித் தரணும். நாலு காலும் ஆடாம நிக்கணும்," என்றாள் கெங்கம்மாள். அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து சுதா அதை வரைந்தாள். பழுப்பும் வெள்ளையும் நீலமுமான கோட்டை வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, இடது கையில் விரிசல், அதன்மேல் சுற்றிய கட்டுக்கம்பி, தேய்ந்துபோன கம்பெனி முத்திரை எல்லாவற்றோடும். கோடு கரையவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் விசில் மட்டும் தொங்கியது. நூற்றுப் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் காவலன் வாசலில் உட்கார்ந்திருந்தார், அதே புன்னகையோடு. ராணி வந்ததும் எழுந்திருக்கவில்லை. ஈட்டி நுனியால் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டார். ராணி உள்ளே போனாள். அடுத்த செவ்வாய் அவள் தன் சமையலறையில் குளிர்காய்ந்துகொண்டிருப்பதோடு கதை முடிந்தது. சுதா அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மத்தியானம் வரை தூங்கினாள்.

'சிவப்பு' என்ற தலைப்பில் ஜஸ்டின் ஐந்து மணிநேரக் காணொளி வெளியிட்டார். பாண்டியன் ஊரிலிருந்து திரும்பி வந்தார். அவர் யாரையும் பார்த்துச் சிரிக்கிறவரல்ல என்பதால் ஜூலைக்குள் கார்த்திகேசன் மறுபடி டாக்டரானார், ரோஜாச் செடிகளுக்கும் தண்ணீர் போயிற்று. மாவு பழையபடி மத்தியானத்துக்கே புளித்தது.

ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. கெங்கம்மாளின் மாவுப் பாத்திரத்தைக் காணவில்லை. எத்திராஜ் தன் ஃபோனில் நூற்றுப் பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். காவலனின் நாற்காலிக்கு அடியில், பனியில் பாதி புதைந்து, மூடியில் 'கெங்கா' என்று எழுதிய எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. அவள் நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினாள். "அத்த திருப்பிக் குடுக்கச் சொல்லும்மா. மூடியோட."

சுதா சொன்னாள். புதன்கிழமை காலை பாத்திரம் கேட்டோரம், கெங்கம்மாளின் புது நாற்காலிமேல் இருந்தது. மூடியைச் சுற்றிக் கொஞ்சம் பனி இருந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு மாவை மோந்து பார்த்தாள். ஒரு மாதமாகியும் புளிக்கவில்லை. அன்றைக்கே இட்லி ஊற்றினாள். வெந்து முடிய வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆயிற்று.