ஜாடிக்குள் ஒரு மேடு

மருந்தியல் கல்லூரியில் எலிகளுக்குத் தீனி வைப்பது என் வேலை. வயது எழுபத்திரண்டு. சோதனைக்கான கண்ணாடித் தொட்டி, என் கையில் இருந்தபோது, தானாகவே உடைந்தது. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக கோவிந்தராசு பட்டறையில் முழங்கால் உயரப் பீங்கான் ஜாடி ஒன்றை வாங்கி வந்தவனும் நான்தான்.

ஆராய்ச்சி செய்கிற பெண் மைத்ரேயி. ஜாடியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பி எலியை ஆறு நிமிடம் விடுவாள். எவ்வளவு நேரம் தவித்து நீந்துகிறது, எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது என்று குறித்துக்கொள்வாள். அப்புறம் பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்து மறுபடி விடுவாள். மருந்து இளசுக்கும் கிழத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா? இதற்கு விடை சொன்னால் அவளுக்கு டாக்டர் பட்டம்.

கிழ எலிகள் ஆறே ஆறு. இன்னொரு ஆறு வேண்டுமென்றால் குட்டி வாங்கி, இரண்டு வருடம் உட்கார்ந்து கிழடாக்க வேண்டும்.

இளசுகள் உயிர் போகிற மாதிரி சுவரைப் பிறாண்டின. கிழங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே நின்றன.

"தாத்தா, ஆறுக்கும் மனசு விட்டுப்போச்சு. மருந்து குடுக்காமலே இப்படின்னா அப்புறம் நான் எதை அளக்கறது?"

"விட்டுப்போன மாதிரி தெரியலியேம்மா. ஆறாம் நம்பரு மூஞ்சி கழுவிக்கினு இருக்குது."

மைத்ரேயி தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். உட்சுவரில் ஒரு மேடு. சூளையில் ஒட்டிக்கொண்ட மண்கட்டி. வெள்ளையில் வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. கிழங்கள் அதன்மேல் கால் ஊன்றி நின்றிருந்தன. ஆறாம் நம்பர், நான் பொய் சொல்லவில்லை, சுவரில் முழங்கையை ஊன்றி வேப்பூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல நின்றது. ஐந்தாவது நிமிடத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது.

"இந்த ஜாடியப் பாத்துதானே வாங்கினீங்க?"

"வெளிய பாத்தேம்மா. உள்ள எறங்கிப் பாக்க எனக்கு நீச்சல் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் போச்சு தாத்தா."

அளந்து வைத்த மருந்தை வீணாக்குவானேன் என்று அன்றைக்கே கொடுத்தாள். அங்கேதான் கூத்து. இளசுகளுக்குப் பதற்றம் அடங்கியது. நிதானமாக நீந்தி, மேட்டைக் கண்டுபிடித்து ஏறி நின்றன. கிழங்களுக்கும் எடைக்கேற்ற அதே அளவுதான். ஆனால் கிழ உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியே விடாதாம். இருந்த இடம் மறந்து மேட்டைத் தாண்டித் தாண்டி நீந்தின. சொந்த வீட்டு வாசலில் நின்று வழி கேட்பவரைப் போல ஆறாம் நம்பர் என்னை நிமிர்ந்து பார்த்தது.

பேராசிரியர் சுந்தரேசன் குறிப்பை மூன்று தரம் படித்தார்.

"பிரமாதம்மா. ஆனா ஒரே ஜாடிய வெச்சு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இதே மாதிரி மேடு உள்ள இன்னொரு ஜாடியிலயும் நடக்கணும். நடந்தா பட்டம்."

மறுநாள் காலை அவளும் நானும் பட்டறைக்குப் போனோம். கோவிந்தராசுவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க ஜாடியில மேடா? முப்பது வருசத்துல ஒரு கொறை சொல்லுங்க பாப்போம்!"

"கொறை சொல்ல வரலப்பா. கொறை வாங்கத்தான் வந்தோம்."

"சூடம் ஏத்தி அணைக்கிறேன், எங்கிட்ட அந்த மாதிரி சரக்கே கெடையாது!"

மைத்ரேயிக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே களிமண் பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி பாஞ்சாலை தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கொல்லையில நாப்பது கெடக்குதும்மா. மேடு ஒண்ணு போதுமா, ரெண்டா வேணுமா?"