குருவி பறக்கும் வரை

ஜப்பானின் வடக்கே, நெமுரோ கடலோரப் புல்வெளியில் மே மாதத்து மூடுபனி இன்னும் கலையவில்லை. கிழவி கிகுயோ தினமும் தனியாகக் காரில் உட்கார்ந்து பறவை பார்க்கும் இடத்தில், இன்று இன்னொரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினான் ஒருவன். கழுத்தில் கேமரா.

“அக்கா, புதர் உச்சியில பாருங்க, செந்தொண்டைக் குருவி!”

“காலையிலேருந்து எனக்குக் கச்சேரி வைக்குது தம்பி. எந்த ஊரு?”

“செண்டாய். இதுக்காகவே வந்தேன்.”

குளிர்காலம் முழுக்க அவள் யாரிடமும் இவ்வளவுகூடப் பேசவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள்.

“டீ கொண்டு வரவா?”

“ஐயோ, இறங்காதீங்க! காருக்குப் பயப்படாது, ஆளைப் பார்த்தா பறந்துடும்.”

“எனக்கே பாடமா? சரி, முதல்ல படத்தை எடு.”

கேமரா சடசடத்தது. அவள் காத்திருந்தாள். கடைசியில் குருவி தானாகவே கடல் பக்கம் பறந்தது. கிகுயோ கோப்பைகளோடு இறங்கினாள். அதற்குள் அவன் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

“நீங்களும் கிளம்புங்க அக்கா. குருவிதான் போயிடுச்சே, இனிமே இங்க யாரு இருக்கா?”

“அதுவும் சரிதான்” என்றாள்.

கார் வளைவில் மறைந்த பிறகு, ஆறிப்போன இரண்டு கோப்பைத் தேநீரையும் அவளே நின்றபடி குடித்தாள்.