நடுவில் இருப்பது யாருடையது

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் பிரார்த்தனை அறை என்று ஒன்று உண்டு. முன்பு அழுக்குத் துணிகளை மூட்டை கட்டிப் போடுகிற அறையாக இருந்தது. நிர்வாகம் வெள்ளையடித்து, கதவில் ஒரு பலகை மாட்டி, அதைக் கடவுளுக்கு ஒதுக்கிவிட்டது. கடவுள் தரப்பிலிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

தொல்லை பக்தர்களால்தான் வந்தது. அறை ஒன்று, கூட்டம் மூன்று. புத்தகக்காரர்கள் அறையின் நடுவில் ஒரு சின்ன மேசை போட்டு, அதில் தங்கள் புத்தகத்தை வைத்து, சுற்றி நின்று படிப்பார்கள். விளக்குக்காரர்கள் அதே நடுவில் விளக்கை ஏற்றி வைத்து, சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். மூன்றாவது கூட்டம், நடுவில் எதுவுமே இருக்கக் கூடாது என்பவர்கள். ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தால்கூட அவர்களுக்கு அன்றைய வழிபாடு கெட்டுவிடும். எதையும் வைக்காத இவர்களுக்குத்தான் மற்ற இருவரையும்விட எடுத்து வைக்கிற வேலை அதிகம்.

ஒருநாள் விளக்கு எண்ணெய் புத்தகத்தின் மேல் சிந்திப் பெரிய ரகளையாகிவிட்டது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த நோயாளிகள் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே வந்து விலக்கிவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நிர்வாகம் கதவில் ஒரு விதி எழுதி ஒட்டியது: 'நடுவில் பிறர் வைத்ததைத் தொடாதீர்கள்.' அன்று முதல் மூன்று கூட்டத்தாரும் படுபயங்கரமான மரியாதைக்காரர்களாக மாறிவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்குச் சண்டையே தேவலாம் போலிருந்தது.

அந்த மரியாதைதான் ஃபியூஸுக்குக் கைகொடுத்தது.

ஃபியூஸ் அந்த ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன். அவனுக்கு வேறு பெயர் இருந்தது. சம்பளத்தன்று மட்டும் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவனும் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவான். ஒரு மழை நாளில், குறைமாதக் குழந்தைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான்களோடு பின்கட்டில் போட்டுவிட்டு வரச் சொல்லி அவனை அனுப்பினார்கள். சூடேற்றுகிற பாகம் போய்விட்டது. அந்தப் பாகத்தைச் செய்கிற கம்பெனியும் போய்விட்டது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறியவன், கீழ்த்தளத்துக்குப் பதிலாக மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினான். பிரார்த்தனை அறை காலியாக இருந்தது. பெட்டியை நடுவில் நிறுத்தி, சக்கரங்களைப் பூட்டி, வார்டிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்து தரைவரைக்கும் மூடினான். மழை விடுகிறவரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் மகள் இருந்ததும் போனதும் அந்தப் பெட்டிக்குள்தான். அது நனைவதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

மழை விட்டது. பெட்டி போகவில்லை.

மறுநாள் வந்த புத்தகக்காரர்கள், விளக்குக்காரர்கள் ஏதோ புதிதாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, தங்கள் மேசையைப் பவ்வியமாக ஓரம் நகர்த்திக்கொண்டார்கள். விளக்குக்காரர்கள், அது புத்தகக்காரர்களுடையது என்று முடிவுகட்டி, விரிப்பில் பொறி பட்டுவிடாமல் விளக்கைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்குத்தான் தர்மசங்கடம். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடி யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"மூடித்தானே இருக்கு? உள்ள என்னன்னு நமக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணு இல்லாத மாதிரிதான். உக்காருங்க."

இப்படியே மாதங்கள் ஓடின. எந்தக் கூட்டத்தையும் சேராத நோயாளிகளின் உறவுக்காரர்கள், ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்தியதும் நேரே மேலே வந்து அந்த விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஃபியூஸ் தினமும் டியூப்லைட்டைப் பார்க்கிற சாக்கில் வந்துபோனான். அந்த அறையின் டியூப்லைட்டைப் போல ஆரோக்கியமான டியூப்லைட் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. ஏணியைச் சாத்திவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் அடுத்த கூட்டத்து ஆள் என்று ஒவ்வொரு கூட்டமும் நினைத்தது. 'பாவம், நல்ல பக்தி' என்றும் சொல்லிக்கொண்டது.

அவன் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. பிரசவம் முடிந்ததும் அவள் நினைவில்லாமல் ஜுரத்தில் கீழ்த்தளத்து வார்டில் கிடந்தாள். எழுந்து உட்காருவதற்குள் குழந்தை போய், எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு அவள் கேட்டாள்: "அவ இருந்த எடத்தையாவது காட்டு." அவன் முதலில் தனியாகப் போய்ப் பார்த்தான். அதே பெட்டிக்குள் வேறு யாருடையதோ ஒரு குழந்தை, காலை உதைத்துக்கொண்டு, நன்றாக இருந்தது. திரும்பி வந்து, "அந்தப் பெட்டிய மாத்திட்டாங்க, இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டான். அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவும் இல்லை. பெட்டி நிஜமாகவே கைவிடப்பட்டபோது, அது இருக்கிறது என்று சொல்வதற்கு அந்தப் பழைய பொய் குறுக்கே நின்றது.

இந்த நிலைமையில்தான் நிர்வாக அதிகாரி பிரார்த்தனை அறைக்குப் புதுத் தரைவிரிப்புப் போட முடிவு செய்தார். மூன்று கூட்டத்துப் பெரிய தலைகளையும் அறைக்குக் கூப்பிட்டார். புத்தகக்காரர்கள் சார்பில், வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸுக்கு வந்துபோகிற ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்தார். விளக்குக்காரர்கள் சார்பில் பில்லிங் மேடம். மூன்றாவது, மருந்துக்கடைக்காரர். ஃபியூஸ் ஏணி மேல் நின்று ஆரோக்கியமான டியூப்லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நடுவுல இருக்கறத எடுக்கணும். யாரோடதுன்னு சொன்னீங்கன்னா நல்லபடியா வேற எடம் பாத்துக் குடுத்துடறேன்" என்றார் அதிகாரி.

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடத்தோடது சார் அது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவங்க பொருள் மேல யாராவது கைய வச்சா எங்காளுங்க சும்மா இருக்க மாட்டாங்க."

"எங்களோடதா? ஐயோ, உங்களோடதுன்னுல்ல சார் நான் வாராவாரம் அந்தத் துணியத் தொவைச்சுப் போட்டுட்டிருக்கேன்! உள்ள பாத்தா பாவம்னு கண்ண மூடிக்கிட்டு மாத்துவேன்!"

"அப்ப இவரோடது" என்று மருந்துக்கடைக்காரரைக் காட்டினார் ஹெட்மாஸ்டர்.

"சரியாப் போச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். "நடுவுல ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு எங்க தாத்தா காலத்துலேருந்து அடிச்சுக்கறோம். எங்க தலையில கட்டறீங்களே!"

பில்லிங் மேடத்தின் குரல் இறங்கிப்போனது. "அப்ப இத்தனை நாளா நாம யாரச் சுத்தி உக்காந்திருந்தோம்?"

அதிகாரி விரிப்பின் முனையைப் பிடித்தார்.

"சார், தொடாதீங்க. என்னோடது அது" என்றது மேலே இருந்து ஒரு குரல்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "நீ எந்தக் கூட்டம்ப்பா?" என்று கேட்டார் அதிகாரி.

"எலக்ட்ரிக்கல் சார்."

மருந்துக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். ஃபியூஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ஃபியூஸ் இறங்கி வந்து, ஏணியைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவன் மகளைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது.

ஹெட்மாஸ்டர் விரிப்பைக் காட்டினார். "நான் என் கிட்னிக்காக இதுகிட்ட வேண்டியிருக்கேன்பா."

"மன்னிச்சுக்குங்க சார்."

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு? நான்தான், பாவம், ஒரு பச்சக்கொழந்தகிட்டப் போயி கிரியாட்டினின் அளவெல்லாம் சொல்லிட்டிருந்திருக்கேன்."

அதிகாரி கெட்டவர் இல்லை, அதிகாரி, அவ்வளவுதான். "பழைய சாமான் லாரி நாளைக்குக் காலையில வருது. இது அதுல போயாகணும். என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, விரிப்பின் முனையை முன்பு இருந்தபடியே சரிசெய்து விட்டுப் போனார்.

மருந்துக்கடைக்காரர் கதவருகில் நின்று திரும்பினார். "வீட்டுல பாத்துட்டாங்களா?"

"இல்லண்ணே."

"இத்தனை நாளா இங்கயே வச்சிருக்கே. அந்தப் பொண்ணுக்குக் காட்டலயா?"

ஃபியூஸ் அன்றைக்குச் சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போனான்.

அவள் ஜன்னலோரம் தையல் மிஷினில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்தவை கட்டில் மேல் அடுக்கி இருந்தன.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. மிஷின் ஓடினாலும் எனக்குக் காது கேக்கும்."

சொன்னான். பாதியில் மிஷின் நின்றுவிட்டது. மீதியைச் சத்தமில்லாத அறையில் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க இருக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். மரியாதை வந்துவிட்டால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

"மூணாவது மாடியில."

"தெனம் போய்ப் பாத்தீங்களா?"

"ம்."

"பக்கத்துல உக்காருவீங்களா?"

அவன் சட்டை அடுக்கைப் பார்த்தான்.

"மொகத்ததான் காட்டல. சரி, நான் ஜுரத்துல கெடந்தேன், உங்கமேல தப்பில்ல. ஊரு பேரு தெரியாதவங்க எல்லாம் அவளச் சுத்தி உக்காந்து பாட்டுப் பாடியிருக்காங்க. அவங்கவங்க கஷ்டத்தச் சொல்லி அழுதிருக்காங்க. பெத்தவ நான் இங்க உக்காந்து ஊரான் சட்டைக்குக் காஜா எடுத்துட்டு இருந்திருக்கேன்."

"சொல்லணும்னு நெனச்சேன்..."

"நெனச்சிருப்பீங்க." அவள் சட்டைத் துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். "சோறு மூடி வச்சிருக்கு. போட்டுக்குங்க."

அன்றைக்கு அவள் தைத்த சட்டைகளில் ஒன்றுக்கு இரண்டு கையும் இடது கையாக அமைந்துவிட்டது. மறுநாள் காலையில் அதைப் பிரிக்க உட்கார்ந்தவள், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "கெளம்பலாம்" என்றாள்.

மூன்றாம் மாடியில் சுமை ஏற்றுகிறவர்கள் இருவர் கயிற்றோடு வந்து நின்றிருந்தார்கள். மூன்று கூட்டத்தாரும் சேர்ந்து வந்திருந்தார்கள். யாருடைய நேரமும் இல்லாத நேரம் அது. புத்தகத்தை யாரும் கொண்டுவரவில்லை, விளக்கையும் கொண்டுவரவில்லை. அவளைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் மட்டும் "வாம்மா" என்றார்.

அவளே விரிப்பை எடுத்தாள். பில்லிங் மேடத்தின் தயவில் விரிப்பு பளிச்சென்று இருந்தது. பெட்டியைத்தான் யாரும் துடைத்ததில்லை. மஞ்சளித்துப்போன கண்ணாடி. பக்கவாட்டில் கை நுழைக்கிற வட்ட ஓட்டைகள். உள்ளே மெலிசாக ஒரு மெத்தை.

"இவ்ளோ சின்னதா?"

"அவளுக்கு இதுவே பெருசு" என்றான் ஃபியூஸ்.

"தலை எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

அவள் சுற்றி நடந்து அந்தப் பக்கம் வந்தாள். வளையலைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, உள்ளங்கையை மெத்தையின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"கண்ணத் தொறந்து பாத்தாளா?"

அவனிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பார்த்தாள் என்று சொன்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அறையில் இருந்த அத்தனை பேரும், எப்படியாவது அதைச் சொல்லித் தொலையேன் என்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல" என்றான். "ஒரு தடவகூட இல்ல."

"உங்களயும் பாக்கலயா?"

"பாக்கல."

அவள் மெல்லத் தலையாட்டினாள். "அப்ப நாம ரெண்டு பேரும் யாருன்னே அவளுக்குத் தெரியாது."

ஃபியூஸின் கை பெட்டியின் விளிம்பைத் தேடியது.

"கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் அவள், கையை வெளியே எடுக்காமல். "எல்லாரயும் கூட்டிட்டுப் போங்க."

எல்லோரும் வெளியே வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். கயிற்றுக்காரர்களில் ஒருவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கீழ லாரி நிக்குதுண்ணே. எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"சாமி கும்புடறாங்க, இரு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உள்ள என்ன சாமி இருக்கு?"

மூன்று கூட்டத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கதவுக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது. அழுகை இல்லை. ஒரு தையல்காரி அளவெடுக்கிற குரல். கழுத்துக்கு இவ்வளவு, தோளுக்கு இவ்வளவு, கொஞ்சம் அசையாம இரு, கைய நீட்டு, அடுத்த வருசத்துக்கும் ஆகற மாதிரி மடிச்சு அடிக்கறேன் என்று.

ஃபியூஸ் கதவில் காதை வைக்கப் போனான். இத்தனை நாளும் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. வைக்காமல் திரும்பி, நடைவழியின் கடைசிக்கு நடந்து, குரல் கேட்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.