இருபது டிகிரியில்

1

இந்தக் கதை ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கிடைத்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மின்வடிவமைப்பு அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் அக்சிலியா கேட்டாள்: "ஒரே கேபிளுக்கு ரெண்டு கணக்கு வருதுண்ணா. ரெண்டுமே சரி. எதை நம்பறது?"

முதலில் இப்படித் தொடங்கினேன்: நாமக்கல் சமவெளியில் அந்திச் சூரியன்

வேண்டாம். அந்தி கேபிளுக்கு உதவாது.

2

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. கம்பிக்கூண்டில் மின்சாரம் கசிந்தால் பிரேக்கர் உடனே விழுந்து இணைப்பைத் துண்டிக்கவேண்டும். கேபிளின் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்தை அது தடுக்கும் அளவு, கூடிப்போனால் விழாது; கூண்டில் மின்சாரம் அப்படியே இருக்கும். கேபிள் அட்டவணைப்படி விழும். மென்பொருள்படி விழாது.

(அட்டவணை பொய் சொல்லவில்லை. தலைப்பிலேயே 'இருபது டிகிரியில்' என்று பொடி எழுத்தில் இருந்தது. மென்பொருளோ, சுமையேறிச் சூடான கேபிளைக் கணக்கிட்டது; சூடேறினால் தடுப்பு கூடும்.)

பண்ணைக்காரர் கதிர்வேலைக் கெட்டவராக்கப் பார்த்தேன். அவர் அக்சிலியாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

"டேபிள்ல பாஸாகுதில்லீங்க? அதையே வெச்சுக் கையெழுத்துப் போடுங்கம்மா. கேபிளை மாத்தத் தோண்டுனா கோழி மெரண்டு முட்டை நின்னுபோயிருமுங்க."

"கேபிளு இருபது டிகிரில இருக்காதுங்க."

"அப்பக் கேபிளுக்கு ஏசி போட்டுரலாமுங்களா?"

அவள் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் அவளுடைய அலுவலகத்திலேயே வேறொருவர் போட்டார். இந்த இடத்தில் மனசாட்சி என்பது

(விட்டுவிட்டேன்.)

3

கூண்டுகளுக்கு நடுவே வெறுங்காலோடு தண்ணீர் அடித்துக் கழுவுகிறவர் சென்னியம்மாள். அக்சிலியா அவருக்கு ரப்பர் செருப்பு வாங்கிப் போனாள். செருப்பு பிரேக்கர் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

"கழுவறப்ப கட்டாயம் போட்டுக்கோங்கம்மா. கூண்டுல கரண்டு வரலாம்."

"அதெல்லாம் மொதலாளி பாத்துக்குவாருங்க. எனக்கா சாமி இது?"

போட்டு நாலடி நடந்து பார்த்தார். கழற்றினார். முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"ஈரத்துல போட்டா வீணாப் போயிருமுங்க. திருச்செங்கோட்டுத் தேருக்குப் போறப்பப் போட்டுக்கறேன்."

4

சின்ன அன்பு ஓர் உயிரைக் காக்கும் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அதையும் அவர் பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டார்.

முடிவு ஒன்று: கேபிளை மாற்றுகிறார்கள். (கதிர்வேல் சம்மதிக்கவில்லை.)

முடிவு இரண்டு: சென்னியம்மாள் குழாயைத் திறந்து, ஒரு கையால் கூண்டைப்

இல்லை. செபமாலை உருட்டும் என் கை இது, அதை எழுதாது.

பை கதவோரம் ஆணியில் தொங்குகிறது. எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அவர் அதைத் தொடவில்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், திரும்பவில்லை. உங்கள் குரல் எட்டினால், அவர் பெயரைச் சொல்லி இப்போதே கூப்பிடுங்கள்.