அம்மன்மேல் விழுந்த கறுப்புக் கட்டம்

அன்றைக்குக் காலையிலிருந்து இராஜம்மாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூட்டின மண்டபத்தையே திரும்பக் கூட்டினாள். துலக்கின குத்துவிளக்கையே திரும்பத் துலக்கினாள். நாலு தடவை வாசலுக்குப் போய் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கேமராக்காரன் வந்தபாடில்லை.

மலேசியாவில், கிள்ளான் மேரு ரோட்டோரம் இருக்கிற அந்த அம்மன் கோவிலைப் பெருக்கித் துடைக்கிறவள் அவள். போன வெள்ளிக்கிழமை அம்மன் கழுத்துத் தங்கப் பொட்டுத்தாலி சங்கிலியோடு காணாமல் போயிற்று. கருவறைக்குள் போகிறவர் குருக்கள் ஒருவர்தான். ஆனால் குருக்களைப் போய் யார் கேட்பது? கழற்றிய பூமாலைகளைக் கூடையில் வாங்கிக்கொண்டு போக வாசற்படி வரைக்கும் வருகிறவள் இராஜம்மா. அவளைக் கேட்பது சுலபம். கோவில் தலைவர் தம்புசாமி கேட்டார், ஊர் ஜனம் நிற்கும்போதே கேட்டார். "செவ்வாக்கிழம சாயங்காலத்துக்குள்ள கொடுத்துரு. இல்லேன்னா போலீஸ்தான்."

அந்தச் செவ்வாய்க்கிழமை இதுதான்.

அவள் நம்பியிருந்தது கேமராவை. ரிங்கிட் மதிப்பு விழுந்ததிலிருந்து திருட்டு அதிகமாகிவிட்டது என்று கோவிலில் ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். "மூலவரைப் படம் பிடிக்கக் கூடாது, நான் ஒத்துக்க மாட்டேன்" என்று குருக்கள் ஒற்றைக்காலில் நின்றார். அப்போது செயலாளராக இருந்த பக்கிரிசாமி, அம்மன் இருக்கிற இடத்தில் மட்டும் டிவியில் ஒரு கறுப்புக் கட்டம் விழுகிற மாதிரி செட்டிங் போட வைத்தார். யாரும் கை வைக்கக் கூடாதென்று அதற்கு ஒரு ரகசிய நம்பர் வேறு. அப்புறம் தேர்தலில் தோற்றார், கோபித்துக்கொண்டு ரவாங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார். நம்பரைக் கேட்டுப் போன் போட்டால், "மறந்துருச்சு லா" என்று சிரிக்கிறாராம். மனுஷனுக்கு அத்தனை வன்மம்.

கேமராவைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைமைக்கே கொண்டுபோனால் கறுப்பு போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். கறுப்பு போனால் வெள்ளிக்கிழமை டேப்பில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அப்படி நினைத்தது இராஜம்மா மட்டும் இல்லை. தலைவர், பொருளாளர் கன்னையா, எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒருவழியாகப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேமராக்காரன் வாசு வந்து சேர்ந்தான். ஏணி போட்டு ஏறினான், மூடியைக் கழற்றினான், உள்ளே இருந்த சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கரண்ட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றான். கேமரா தலையை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"முடிஞ்சுது பாஸ். பழைய நம்பர், பழைய செட்டிங் எல்லாம் போச்சு."

ஆபீஸ் அறைக்கு ஓடினார்கள். வெள்ளிக்கிழமை டேப்பைப் போட்டான். மண்டபம் வந்தது, உண்டியல் வந்தது. கருவறை இருக்க வேண்டிய இடத்தில் அதே கறுப்புக் கட்டம், அசையாமல்.

"என்னப்பா, போகலையே?" என்றார் கன்னையா.

"டேப்புல பதிஞ்சது பதிஞ்சதுதான் அங்கிள். இனிமே எடுக்கறதுலதான் கறுப்பு வராது. பழசுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தலைவர் இராஜம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போனைத் தன் பக்கம் இழுத்தார். "வேற வழி இல்ல. ஸ்டேஷனுக்குச் சொல்லிர வேண்டியதுதான்." அவள் கதவுக்கும் மேசைக்கும் நடுவே நடந்தாள். ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடினால் எடுத்தவள் இவள்தான் என்று ஆகிவிடும்.

வாசு தன் பாட்டுக்குப் புது டேப்பைப் போட்டுப் பதிவைத் தட்டிவிட்டு, டிவியைக் கேமராவுக்கு மாற்றினான். கறுப்பில்லாத திரையில் அம்மன் வந்தாள். சாயங்காலம் நடை திறந்து, குருக்கள் காலையில் சாத்தின மாலைகளைக் களைந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான், போனைக் கீழே வைத்துவிட்டுத் தலைவர் "தாயே!" என்று தலைக்குமேல் கை குவித்தார். கன்னையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிவிப் பெட்டிக்கு முன்னால் ஆளாளுக்குக் கண்ணை மூடி நின்றார்கள், வாசு உட்பட.

இராஜம்மாவுக்குக் கண் மூடவில்லை. நெஞ்சில் இருந்த பயத்துக்குச் சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லை, வெறித்துப் பார்த்தபடி நின்றாள். குருக்கள் நாலைந்து மாலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றினார். அதோடு சிவப்பாக ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து கூடைக்குள் போயிற்று.

"தம்பி! பின்னால ஓட்டு! பின்னால ஓட்டுப்பா!"

அவள் போட்ட கூச்சலில் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். வாசு ஓட்டிக் காட்டினான். அம்மனுடைய பவளமாலை, பூவோடு பூவாகக் கூடையில் விழுந்தது. குருக்களுக்குத் தெரியவே இல்லை. கூடை வழக்கம்போல வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தது.

அப்படியானால் வெள்ளிக்கிழமைப் பொட்டும் இப்படித்தானே போயிருக்கும்! பின்பக்கம் மாமரத்தடியில் பழைய பூவைக் கொட்டுகிற குவியலுக்கு ஓடினார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கிளறினார். அழுகின சாமந்திக்கு அடியில் சங்கிலியும் பொட்டும் கிடந்தன.

குருக்கள் ஓடிவந்தார். பொட்டைக் கையில் வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். விஷயம் முழுதும் காதில் விழுந்ததும் முகம் வெளுத்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு பேச்சு வந்தது. "டிவியிலயா? மூலவரையா பார்த்தீங்க? முதல்ல அந்தக் கறுப்பைத் திரும்பப் போடச் சொல்லுங்க!"

"கறுப்பு இருந்ததாலதானே சாமி இவ்ளோ வம்பும்?" என்றார் கன்னையா.

"அதுக்காக? அம்மனைத் துணி மாத்தற கோலத்துல கண்டவனும் டேப் போட்டுப் பார்க்கறதா? அவளுக்கு மானம் இல்லையா?"

"சாமி சொல்றது நியாயந்தான்" என்றார் தலைவர். "வாசு, இப்பவே போட்டுரு. அந்த டேப்பையும் அழிச்சிரு." பிறகு ஏதோ நினைவு வந்தவர்போலத் திரும்பினார். "இராஜம்மா, நீ ஏன் நிக்கிற? கூடையை எடுத்துட்டுப் போய் வேலையைப் பாரு."

இராஜம்மா நகரவில்லை. காலையிலிருந்து ஓயாமல் அலைந்த கால் இப்போதுதான் நின்றது.

"அம்மன் மானத்துக்கு இவ்ளோ பதறுறீங்க, சரி. என்னைய அத்தன பேருக்கு முன்னால கேட்டீங்களே தலைவரே" என்றாள். "எனக்கு மானம் இல்லையா?"

தலைவர் கையில் ஒட்டியிருந்த சாமந்தி இதழைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.